மரக் கப்பல் மாதிரியில் வரும் கோளாறுகள்: எதைப் பார்த்து, எப்படிச் சரிசெய்வது

மும்பையில் நம்மவர்கள் வீட்டு ஷோகேஸில் பழைய பாய்மரப் போர்க்கப்பலின் மர மாதிரி ஒன்று நின்றால், அது மெர்ச்சன்ட் நேவியில் இருக்கும் மாமா மொரீஷியஸிலிருந்து தூக்கி வந்ததாக இருக்கும், இல்லையென்றால் ரிட்டயர்மென்ட்டுக்கு ஆபீஸில் கொடுத்ததாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் சோர் பஜாரில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். எப்படி வந்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். மாதுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எங்கிருந்து கொண்டுவந்தாலும் ஜூலையில் ஒரு வகைப் புகார், ஜனவரியில் அதற்கு நேர் எதிரான புகார். அதையே திரும்பத் திரும்பச் சரிசெய்து கொடுத்ததால் எழுதிவைக்கிறேன். உங்கள் கப்பலில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

போகும் முன் இன்று என்ன மாதம் என்று மட்டும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் 80 சதவீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், டிசம்பர் ஜனவரியில் நன்றாகக் குறையும். மரம் அகலவாக்கில் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். முறுக்கிய பருத்தி நூல் ஈரத்தில் குட்டையாகும், காய்ந்தால் தளரும். கோளாறில் பாதி இந்த இரண்டின் இழுபறிதான். ஆகவே பூச்சி, பூஞ்சை, முறிவு தவிர வேறு எதையும் கொட்டும் மழையிலோ வறண்ட ஜனவரியிலோ நான் தொடுவதில்லை, மழை ஓய்ந்து அக்டோபர் கடைசி, நவம்பர் என்று தள்ளிவைத்துவிடுவேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்றை ஷோகேஸுக்குள் வைத்துவிட்டால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள், கயிறு எந்த முளையில் கட்டியிருந்தது என்பது அவிழ்த்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

கயிறு தளர்ந்து தொங்குகிறது

*எல்லாக் கயிறும் ஒரே அளவில் தளர்ந்திருந்தால்*

பனிக்காலம் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையாகவே ஒன்றும் செய்ய வேண்டாம். ஜனவரியில் தளர்ந்திருக்கிறதே என்று விறைப்பாக இழுத்துக் கட்டினால், ஜூலையில் அதே நூல் குட்டையாகி பாய்மரத்தை வளைக்கும், இல்லையென்றால் பக்கவாட்டில் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். பழுது பார்க்கக் கொண்டுவரும் கப்பல்களில் இப்படி யாரோ ஒருமுறை 'சரிசெய்த' கப்பல்கள் நிறைய. மழைக்காலத்திலும் தளர்ந்தே இருந்தால் அது வேறு கதை. நூல் நைலானா என்று பாருங்கள், நைலான் ஈரத்தில் நீளும். மாதிரியில் எங்காவது வெட்டிவிட்ட நுனி கிடந்தால் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும்: உருகி உருண்டால் செயற்கை நூல், காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தியோ லினனோ. இதைக் கப்பலுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள்.

*ஒரு பாய்மரத்தின் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால்*

பாய்மரத்தின் இரு பக்கமும் ஏணி மாதிரி மேலே போகும் கயிறுகளின் அடியில், மூன்று துளை போட்ட உருண்டைக் கட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், டெட்ஐ என்பார்கள். மேல் கட்டைக்கும் கீழ் கட்டைக்கும் நடுவே மெல்லிய நூல் ஓடும். இறுக்க வேண்டிய இடம் அதுதான். பெரிய கயிற்றை அறுக்கவே கூடாது. முதலில் அந்த மெல்லிய நூலின் முடிச்சு அவிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். முடிச்சு சரியாக இருந்தால் கீழ்க் கட்டையைப் பிடித்திருக்கும் கம்பி, கப்பலின் பக்கப் பலகையிலிருந்து கழன்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பாய்மரமே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இறுக்கும்போது இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் பாய்மரம் கோணிவிடும்.

*ஒரே ஒரு கயிறு தொய்ந்திருந்தால்*

இது சுலபம். மரக் கைவேலைக்கான ஃபெவிகாலை ஒரு பங்குக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய பிரஷால் அந்த நூலில் மட்டும் தடவி, தொய்வு நேராகும் அளவுக்கு ஒரு சின்ன கிளிப்பை மாட்டி இரவு முழுக்க விட்டால் காலையில் நேராக நிற்கும். ஃபெவிக்விக் போட வேண்டாம். நூல் விறைத்து கண்ணாடிக் கம்பி ஆகிவிடும், பிறகு ஒரு தூசித் துணி பட்டால் போதும், ஒடிந்துவிடும். சுற்றி வெள்ளைப் படலமும் பூக்கும்.

*தொட்டாலே நூல் பொடியாகிறது என்றால்*

வெயில் படும் ஜன்னலோரம் பல வருடம் இருந்த கப்பல். இறுக்கவோ துடைக்கவோ முயலாதீர்கள், ஒன்று அறுந்தால் பக்கத்துக் கயிற்றுக்குப் பாரம் போய் அதுவும் அறுகிறது. முழுக் கயிற்று வேலையும் மாற்ற வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும். பொறுமையும் இடுக்கியும் இருந்தால் நீங்களே செய்யலாம், பாலியெஸ்டர் நூல் போடுங்கள், மும்பை ஈரத்துக்கு அதுதான் அசையாமல் நிற்கும். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் தையல் சாமான் கடைகளில் தடிமன் தடிமனாகக் கிடைக்கும். நிறத்தில் மட்டும் கவனம்: பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்கு அந்தக் காலத்தில் தார் பூசியிருப்பார்கள், அதனால் கரும்பழுப்பு, பாயை ஏற்றி இறக்கும் கயிறுகளுக்குத் தார் கிடையாது, அவை வெளிர் நிறம். எல்லாவற்றையும் ஒரே வெள்ளை நூலால் கட்டிய கப்பலைப் பார்த்தால் தெரிந்தவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதியதா பழையதா என்று தெரியாத, ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும் என்று தோன்றும் மாதிரி என்றால் நூலைக்கூட மாற்றாதீர்கள். பழைய முடிச்சே அதன் மதிப்பு. கோட்டைப் பகுதியில் இருக்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்கும் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டு மேலே யோசியுங்கள்.

பாய்மரம் சாய்ந்திருக்கிறது

முதலில் அது சாய்வா, அமைப்பா என்று பாருங்கள். மூன்று பாய்மரம் உள்ள கப்பலில் முன் மரம் கிட்டத்தட்ட நேராக, நடு மரம் லேசாகப் பின்பக்கம், கடைசி மரம் இன்னும் கொஞ்சம் பின்பக்கம் என்று சாய்ந்திருப்பது பல கப்பல்களின் அமைப்பே. நெல்சனின் பிரிட்டிஷ் போர்க்கப்பலான விக்டரியின் மாதிரியைக் கொண்டுவந்து 'பின்னால் மரம் விழுது சார்' என்று சொல்பவர்களிடம் நான் முதலில் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத்தில் நிற்கும் அசல் கப்பலின் படத்தைத்தான் காட்டுவேன். முன்னும் பின்னும் சாய்வது அமைப்பாக இருக்கலாம். இடது வலமாகச் சாய்வது எப்போதும் கோளாறுதான்.

சமதளத்தில் வைத்து, நேர் முன்னால் நின்று, மூன்று மரமும் ஒரே கோட்டில் ஒன்றை ஒன்று மறைக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து சாய்ந்தால் கப்பலில் குற்றம் இல்லை, ஸ்டாண்டின் ஒரு கால் தேய்ந்திருக்கும் அல்லது ஷோகேஸ் பலகை தொய்ந்திருக்கும். ஒன்று மட்டும் சாய்ந்தால் அதன் அடியை இரண்டு விரலால் மெல்ல அசையுங்கள். ஆடுகிறது என்றால் தளத்தோடு ஒட்டிய பசை விட்டிருக்கிறது. ஆடவில்லை, ஆனால் மேல்பாதி மட்டும் வளைகிறது என்றால் ஒரு பக்கக் கயிறு இழுக்கிறது, கயிற்றை ஒரு சுற்று தளர்த்தினாலே பாதி நிமிரும்.

பசை விட்டிருந்தால் கயிறுகளைத் தளர்த்திய பிறகே மரத்தை நிமிர்த்த வேண்டும். பழைய பசை வெள்ளைப் பசை என்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் இளகும். வார்னிஷில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷெல்லாக் பாலிஷ் என்றால் அதுவும் கூடவே கரைந்துவிடும். சுத்தம் செய்து, நீர் தாங்கும் வகை மரப்பசை போட்டு, பழைய சாய்வில் வைத்து ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். மரம் தளத்துக்குக் கீழே உள்ளே முறிந்திருந்தால் தளத்தைத் திறக்க வேண்டி வரும், அது கப்பல் மாதிரி செய்யத் தெரிந்த நல்ல கைவினைஞரிடம் கொடுக்க வேண்டிய வேலை. பக்கத்து ஃபர்னிச்சர் கார்பென்டரிடம் கொடுக்க வேண்டாம். அவர் கை நல்ல கைதான், ஆனால் அவருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு அளவே அல்ல.

குறுக்குக் கழி முறிந்துவிட்டது

பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் முடிந்து வீடு மாறும் சீசனில் இதுதான் அதிகம் வரும். பாய் தொங்கும் குறுக்குக் கழி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரம், இரண்டும்தான் டெம்போவில் முதலில் அடிவாங்கும்.

முறிவு சிலும்பு சிலும்பாக இருந்தால் அதிர்ஷ்டம். சிலும்பு ஒன்றோடு ஒன்று பொருந்தும், பசை போட்டு நூல் சுற்றிக் காயவிட்டால் முறிந்த இடமே தெரியாது. மழுங்கலாக உடைந்திருந்தால் இரண்டு முனையிலும் கைத்துளைப்பானால் துளை போட்டு, ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்ட வேண்டும். துண்டே தொலைந்துவிட்டதா? பார்பெக்யூ குச்சி போதும், மூங்கில் மெல்லிய கழிக்கு மிக நல்ல மரம், இழைத்து நுனியைக் கூர்மையாக்கினால் போதும். நடுவில் தடிமனாகவும் இரு நுனியிலும் மெலிந்தும் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பலகைக்கு நடுவே விரிசல்

ஜனவரியில் பலகை இணைப்பு நெடுக நேர்கோட்டில் மெல்லிய விரிசல் தெரிந்தால் நிரப்பாதீர்கள். மழையில் தானாகவே மூடும். புட்டி அடைத்துவிட்டால் மழையில் உப்பப் போகும் பலகைக்கு இடமில்லாமல் மேலே எழும்பும். ஒரு மழைக்காலம் முழுதும் கழிந்தும் மூடாத விரிசலை மட்டும் நிரப்பலாம், அதுவும் மெழுகால்.

பலகையின் நடுவே, இணைப்பு இல்லாத இடத்தில் விரிந்தால் அது வேறு. ஏசி காற்று நேராகப் படுகிறதா என்று பாருங்கள். இரவெல்லாம் ஏசி, பகலெல்லாம் ஜன்னல் திறந்து கடற்காற்று என்று இருக்கும் படுக்கையறைதான் கப்பலுக்கு மிக மோசமான இடம். ஹாலில் ஃபேன் காற்றில் இருக்கும் கப்பல் இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. முதலில் இடத்தை மாற்றுங்கள், பிறகு பழுது பாருங்கள். அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் மரமே பிளந்திருந்தால் நீங்கள் தொட வேண்டாம்.

இதைச் சொல்லும்போது யாராவது ஒருவர், தேக்கில் செய்திருந்தால் இந்தத் தொல்லை வராதே என்பார். 1817 அக்டோபர் 12 அன்று இதே பம்பாயில் பார்சிக் கப்பல் கட்டும் குடும்பமான வாடியாக்கள் கட்டிக் கடலில் இறக்கிய, திருகோணமலையின் பெயரைத் தாங்கிய எச்எம்எஸ் டிரிங்கோமலி தேக்குக் கப்பல்தான், இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூலில் இன்றும் மிதக்கிறது. ஆனால் மாதிரியில் ஒன்றரை மில்லிமீட்டர் பலகைக்கு எந்த மரமாக இருந்தாலும் ஈரம் இரண்டு பக்கமும் உடனே ஏறி இறங்கும். தேக்கு பூச்சிக்கு நல்ல பதில், விரிசலுக்கு அரைப் பதில்தான்.

ஸ்டாண்டுக்குக் கீழே பொடி கொட்டுகிறது

ஒரு கறுப்புக் காகிதத்தைக் கப்பலுக்கு அடியில் விரித்து ஒரு வாரம் விடுங்கள். பொடி விழவே இல்லை, ஆனால் துளை இருக்கிறது என்றால் பூச்சி போய்விட்ட பழைய துளையாக இருக்கலாம். விழுந்தால் விரலில் தேய்த்துப் பாருங்கள்.

*மாவாக இருந்தால்* வண்டு. துளை வட்டமாக, ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். மரத்தின் வெளிர் நிறப் பகுதியையே அது தின்னும், அதனால் பல சமயம் கப்பலுக்கு ஒன்றும் ஆகாமல் மலிவு மரத்தில் செய்த ஸ்டாண்ட் மட்டும் சல்லடை ஆகியிருக்கும். ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்துகொள்வது எல்லாவற்றையும்விட மலிவு.

*மணி மணியாக, கரகரப்பாக இருந்தால்* உலர் மரக் கரையான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பட்டை தெரியும். இது கப்பலோடு நிற்காது, ஷோகேஸ், கதவுநிலை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். வெற்று ஓசை வந்தால் பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், ஆனால் அவர் வரும்போது கப்பல் அறையில் இருக்கக் கூடாது.

*சுவரிலிருந்து மண் கோடு ஏறியிருந்தால்* அது சாதாரணக் கரையான், வீட்டுப் பிரச்சினை. சொசைட்டி செக்ரட்டரியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

வண்டு கப்பலுக்குள்ளேயே இருந்தால், சின்ன மாதிரிக்கு ஃப்ரீசர் வைத்தியம் இருக்கிறது. பாலித்தீன் பையில் காற்றை முடிந்தவரை எடுத்துவிட்டு நன்றாக மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகும் பையை ஒரு முழு நாள் திறக்கக் கூடாது. திறந்தால் மும்பைக் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த மரத்தில் தண்ணீராகப் படியும். அந்த இரண்டு வாரம் வீட்டில் இட்லி மாவுக்கும் மீனுக்கும் இடம் எங்கே என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எலும்பு, தந்தம் ஒட்டியவை, தடித்த வண்ணம் பூசியவை, மிகப் பழையவை ஃப்ரீசருக்குப் போகக் கூடாது. கெரோசின் ஊற்றுவதும் பூச்சி ஸ்பிரே அடிப்பதும் எந்தக் கப்பலுக்கும் வேண்டாம், பூச்சி சாகிறதோ இல்லையோ வார்னிஷ் சாகும். வைத்தியம் முடிந்ததும் துளைகளை நிறம் கலந்த மெழுகால் அடையுங்கள். பிறகு புதுத் துளை வந்தால் உடனே கண்ணில் படும்.

விக்டரியின் அசலையே வண்டு விடவில்லை. 2022இல் தொடங்கிய பெரிய பழுதுபார்ப்பில் பலகைகளை மாற்றுவதற்கு மரம் மக்கியதோடு வண்டும் ஒரு காரணம். அதனால் உங்கள் கப்பலில் வந்ததற்கு வெட்கப்பட வேண்டாம்.

பீரங்கியில் நிறம் மாறுகிறது

*பச்சை பூத்தால்* பித்தளை, பயமில்லை. ஆனால் குத்துவிளக்கு தேய்க்கிற புளியை எடுத்துக்கொண்டு வராதீர்கள், புளியும் எலுமிச்சையும் மரத்தில் இறங்கிக் கறையாகும். பீரங்கி கழன்று வந்தால் கழற்றி, மெட்டல் பாலிஷை இயர்பட்டில் தொட்டுத் தேய்த்து, மிச்சம் இல்லாமல் துடைத்து மாட்டுங்கள். கழலவில்லை என்றால் உலர்ந்த மரக்குச்சியால் பச்சையைச் சுரண்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*வெள்ளைப் பொடி பூத்தால்* நின்று கவனியுங்கள், இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். பீரங்கி, நங்கூரம், பின்புறச் சிற்பம் எல்லாம் ஈயத்தில் வார்த்திருந்தால், மூடிய பெட்டிக்குள் அமில ஆவி பட்டு ஈயம் வெள்ளையாகப் பொரிந்து, ஊதிப்போய், கடைசியில் உதிரும். அந்தப் பொடி நஞ்சு. குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், கையுறையும் மாஸ்கும் போடுங்கள், ஊதவோ உலர்ந்த துணியால் தட்டவோ கூடாது, சமையல் மேடையில் வைத்து வேலை செய்யக் கூடாது.

ஈயம்தானா என்று பார்க்க, கையுறையோடு பொடி இல்லாத ஓரத்தைக் காகிதத்தில் இழுங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அநேகமாக ஈயம். அப்புறம் பெட்டியை முகர்ந்து பாருங்கள். கண்ணாடிக் கடைக்காரர் வினிகர் வாசனை வரும் சிலிகானால் ஒட்டியிருந்தால் குற்றவாளி அதுதான். பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் அதே வேலையை மெதுவாகச் செய்யும். நல்ல கண்ணாடிப் பெட்டி போட்டு, காற்றே புகாமல் அடைத்து, பொத்திப் பொத்திப் பாதுகாத்த கப்பல்களில்தான் இந்த நோய் வருகிறது என்பது எரிச்சலான விஷயம். பெட்டியைத் திறந்து வையுங்கள், வாசனை இல்லாத நியூட்ரல் சிலிகானால் மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், அடியிலும் மேலேயும் வலை வைத்த காற்றுத்துளை விடச் சொல்லுங்கள். பொரிந்த பீரங்கியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, பித்தளையிலோ ரெசினிலோ மாற்றிவிடலாம். கீழ்த்தளத்துக்குள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் பீரங்கிகளிலும் வெள்ளை தெரிந்தால் உங்கள் வேலை அங்கே முடிந்தது, தளத்தைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மேற்பரப்பில் படலம், பிசுபிசுப்பு

சாம்பல் வட்டம் வட்டமாக, மண் வாசனையோடு இருந்தால் பூஞ்சை. மாஸ்க் போட்டு, பால்கனியில் நிழலில் வைத்து, மெல்லிய பிரஷால் வேக்குவம் குழாயின் வாய்க்குள் தள்ளிவிடுங்கள். குழாயின் வாயில் மெல்லிய துணி கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குட்டி கப்பியும் உள்ளே போய்விடும். வெயிலில் காயவைக்க வேண்டாம், ஒரு மதியத்தில் பலகை பிளந்துவிடும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றி, ஈரத்தை 65 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் திரும்ப வராது.

வாசனையே இல்லாமல் வார்னிஷுக்குள் பால் கலந்த மாதிரி வெண்மை தெரிந்தால், மழைக்காலத்தில் பாலிஷ் அடித்திருக்கிறார்கள். சிலது வறண்ட மாதத்தில் தானாகத் தெளியும், ஒரு டிசம்பர் வரை பொறுங்கள்.

பிசுபிசு என்று தூசி ஒட்டினால் வீட்டில் விசாரியுங்கள், யாரோ பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருப்பார்கள். சின்ன இடத்தில் மினரல் டர்பன்டைன் தொட்ட இயர்பட்டால் சோதித்துவிட்டு, நிறம் வரவில்லை என்றால் மட்டும் துடைத்தெடுங்கள். பூஜை அறைப் பக்கம் நிற்கும் கப்பலில் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து கறுத்திருக்கும். அருங்காட்சியகக்காரர்கள் இப்படிப்பட்ட அழுக்கை எச்சில் தொட்ட பஞ்சால் எடுப்பார்கள், நன்றாகவே வேலை செய்யும். நம் வீட்டில் பாட்டி பார்க்காத நேரத்தில் செய்யுங்கள்.

பாய் மஞ்சளாகி மடங்கி நிற்கிறது

வெள்ளையாக வாங்கியது மஞ்சளானால் வெயிலும் புகையும். முதலிலிருந்தே பழுப்பாக இருந்தால் டீயில் முக்கிச் சாயம் ஏற்றியிருப்பார்கள், அந்தத் துணி அமிலத்தால் சீக்கிரம் இற்றுப்போகும், விரலால் மடித்துப் பார்க்காதீர்கள். கப்பலில் இருக்கும்போதே பாயைத் துவைக்க, ஸ்பிரே அடிக்க, அயர்ன் பண்ண வழி கிடையாது. தூசியை மேக்கப் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுவது ஒன்றுதான் பத்திரம். கிழிய ஆரம்பித்துவிட்டால் புதுப் பாய் தைத்துக் கட்டுவதற்குப் பதில் பாயைக் கழற்றிவிட்டுக் கழிகளை மட்டும் விட்டுவிடுங்கள். பாய் இல்லாமல், கயிறு மட்டும் கட்டிய போர்க்கப்பல் மாதிரி வைப்பது பழைய வழக்கம்தான், பார்க்கவும் நன்றாக இருக்கும். கழற்றிய பாயை மடிக்காமல் காகிதக் குழாயில் சுற்றி, எந்தப் பாய் எந்தக் கழியில் இருந்தது என்று பென்சிலால் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டுவையுங்கள்.